யாரிடம் கேட்பது? மனு எழுதும் முன் யோசிக்க வேண்டியவை

நம் முஹல்லாவிலிருந்து மகளிர் மேல்நிலைப் பள்ளி ஆறு கிலோமீட்டர். மாலை 4.10க்கு மணி அடிக்கிறது. நம் ஊருக்கு வரும் டவுன் பஸ் 3.50க்கே பஸ் நிலையத்திலிருந்து கிளம்பிவிடும். அடுத்த பஸ் 5.40க்கு. பிள்ளைகள் ஒன்றரை மணி நேரம் பஸ் நிலையத்தில் நிற்க வேண்டும். மழைக்காலத்தில் அவர்கள் வீடு வந்து சேரும்போது மஃக்ரிப் தொழுகை முடிந்திருக்கும். தகப்பனார் வளைகுடாவில், தாய் மட்டும் வீட்டில் என்று இருக்கும் குடும்பங்களுக்கு இது தினசரிக் கவலை. இரண்டு ஆண்டுகளில் ஐந்து பெண் பிள்ளைகள் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினார்கள். நன்றாகப் படித்த பிள்ளைகள்தான். வீட்டில் கேட்டால், "இருட்டுல யார் போய் கூட்டிட்டு வர்றது?" என்பதே பதில்.

ஜமாஅத்தில் பேசினோம். ஒரு ஜும்ஆ முடிந்ததும் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். "எங்கள் ஊருக்குக் கூடுதல் பேருந்து வசதி செய்து தர வேண்டும்" என்று மனு எழுதினோம். சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுத்தோம். ஊராட்சித் தலைவரிடம் ஒரு பிரதி கொடுத்தோம். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடமும் கொடுத்தோம். எல்லோரும் மரியாதையாக வாங்கிக்கொண்டார்கள். "தங்கள் மனு உரிய நடவடிக்கைக்காகச் சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்று பதிலும் வந்தது. பஸ் மட்டும் வரவில்லை. ஓராண்டு போய்விட்டது.

அதன்பிறகுதான், போக்குவரத்துக் கழகத்தில் நடத்துநராக இருந்து ஓய்வுபெற்ற, ஊரே கண்டக்டர் மாமா என்று அழைக்கும் பெரியவரிடம் அந்த மனுவைக் காட்டினோம். வாசித்துவிட்டு அவர் சொன்னார்: "தம்பி, கூடுதல் பஸ் கேட்டிருக்கீங்க. அதுக்குப் புது வண்டி வேணும், டிரைவர் கண்டக்டர் வேணும், பெர்மிட் வேணும். அது மேலே போற விஷயம். நமக்குப் புது பஸ்ஸா வேணும்? இருக்கிற பஸ் அரை மணி நேரம் தள்ளிக் கிளம்பினா போதாதா? அதுக்குக் கையெழுத்துப் போடுறவர் யாருன்னு விசாரிச்சீங்களா?"

நாங்கள் விசாரிக்கவில்லை. ஒரு கோரிக்கையை எடுத்துக்கொண்டு புறப்படும் முன் யார் யாரை அறிந்துகொள்ள வேண்டும் என்று அந்த அனுபவத்தில் கற்றதை இங்கே எழுதுகிறோம். பஸ் மட்டும் அல்லாமல் தெருவிளக்கு, சாலை, ரேஷன், உதவித்தொகை என்று எதற்கும் இது பொருந்தும்.

கோரிக்கை தெளிவானால் ஆள் தெரிவார்

"அரசு செய்ய வேண்டும்" என்று எழுதினால் அந்த மனு யாருடைய மேசைக்கும் உரியதாக இருக்காது. அரசு என்பது ஒரு ஆள் அல்ல. ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு நாற்காலி இருக்கிறது. அந்த நாற்காலியைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், நமக்கு வேண்டியது என்ன என்பதை ஒரே வரியில் சொல்ல வேண்டும். "பஸ் வசதி வேண்டும்" என்பது ஆசை. "3.50 பஸ் 4.25க்குக் கிளம்ப வேண்டும்" என்பது கோரிக்கை. முதலாவதைச் செய்ய நிதி, வண்டி, பணியாளர் எல்லாம் வேண்டும். இரண்டாவதற்கு ஒரு நேர அட்டவணையைத் திருத்தினால் போதும். அந்தத் திருத்தத்தைப் பரிந்துரைப்பவர் பணிமனையின் கிளை மேலாளர். ஒப்புதல் தருவது மண்டல அலுவலகம். எங்கள் நானூறு கையெழுத்தும் இந்த இரண்டு இடத்துக்கும் நேராகப் போகவே இல்லை.

எந்த முடிவு எங்கே எடுக்கப்படுகிறது?

நம் ஊர்களில் அடிக்கடி எழும் சில கோரிக்கைகளைப் பார்ப்போம்.

தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், சாக்கடை, குப்பை ஆகியவை உள்ளாட்சியின் பொறுப்பு. ஊராட்சி என்றால் தலைவரும் செயலரும். நகராட்சி, மாநகராட்சி என்றால் வார்டு உறுப்பினரும் ஆணையரும். கிராமங்களில் கிராம சபையில் தீர்மானமாக நிறைவேற்றினால் கோரிக்கைக்கு எழுத்துப்பூர்வமான பலம் கிடைக்கும்.

சாலை விஷயத்தில் கவனம் வேண்டும். ஊருக்குள் ஓடுகிற சாலை எல்லாம் நகராட்சியுடையது அல்ல. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் போவது தேசிய நெடுஞ்சாலையாக இருக்கலாம், மாநில நெடுஞ்சாலைத் துறையின் சாலையாக இருக்கலாம், ஊராட்சிச் சாலையாகவும் இருக்கலாம். வேகத்தடை கேட்டு நகராட்சிக்கு நடையாய் நடந்த பிறகு, "இது எங்கள் ரோடே இல்லை" என்று கேட்க நேர்ந்தவர்கள் பலர். மாவட்ட அளவில் ஆட்சியர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு இருக்கிறது. காவல்துறை, நெடுஞ்சாலைத் துறை, வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் மூன்றும் அங்கே ஒன்றாக அமர்கின்றன. சாலை யாருடையது என்று தெரிந்துகொண்டு, கோரிக்கையை அந்தக் குழுவின் முன்னும் வைப்பது பலன் தரும்.

ரேஷன் அட்டை சம்பந்தமான குறை என்றால் வட்ட வழங்கல் அலுவலர். நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்த வேண்டுமென்றால், முதன்மைக் கல்வி அலுவலர் கருத்துரு அனுப்ப வேண்டும். ஆனால் முடிவு சென்னையில், பள்ளிக் கல்வித் துறையின் அரசாணையாக வரும். இத்தகைய அறிவிப்புகள் பெரும்பாலும் சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை விவாதத்தின்போது வெளியாகின்றன. சட்டமன்ற உறுப்பினரின் குரல் பயன்படும் இடம் அது. அதே உறுப்பினர் தமது தொகுதி மேம்பாட்டு நிதியில் பஸ் நிழற்குடை கட்டித் தரலாம். அந்த நிழற்குடையில் எந்த பஸ் எத்தனை மணிக்கு நிற்கும் என்று ஆணையிடும் அதிகாரம் அவருக்கு இல்லை. அவர் எழுதித் தரும் கடிதத்துக்கு மதிப்பு உண்டு. அந்தக் கடிதம் யாருக்குப் போக வேண்டும் என்று சொல்ல வேண்டியது நாம்தான்.

இன்னொரு உதாரணம், பல குடும்பங்களைப் பாதித்தது. சிறுபான்மை மாணவர்களுக்கான பிரீ மெட்ரிக் உதவித்தொகை 2022-23 முதல் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. ஒன்று முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு நின்றுபோனது. தலைமையாசிரியரிடமும் மாவட்டச் சிறுபான்மையினர் நல அலுவலகத்திலும் போய்ச் சண்டையிட்ட பெற்றோர் உண்டு. அந்த முடிவை எடுத்தது ஒன்றிய அரசு. அதை மாற்றும்படி கேட்க வேண்டிய இடம் டெல்லி. அங்கே நமக்கு இருக்கும் வாசல் நாடாளுமன்ற உறுப்பினர். ஆனால், "நின்றுபோனதை மாநில அரசு தன் நிதியில் ஈடுசெய்ய வேண்டும்" என்று கேட்டால் அது வேறு கோரிக்கை, அதற்கு வாசலும் வேறு. கோரிக்கையின் சொல் மாறும்போது கேட்க வேண்டிய ஆளும் மாறுகிறார்.

சரியான வாசலைத் தட்டியதால் கிடைத்த பெரிய பலன் ஒன்றும் நம் கண்முன் இருக்கிறது. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோருக்கான 30 சதவீதத்துக்குள் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதம் என்ற உள் ஒதுக்கீடு 2007இல் வந்தது. மாநிலக் கல்வி நிலையங்களிலும் மாநில அரசுப் பணிகளிலும் இடஒதுக்கீட்டைத் தீர்மானிக்கும் அதிகாரம் மாநில அரசிடம் இருக்கிறது. அதனால் மாநிலத்திடம் வைத்த கோரிக்கை மாநிலச் சட்டமாகவே முடிந்தது. மத்திய அரசுப் பணிகளுக்கு அது பொருந்தாததற்கும் இதே காரணம்தான். அது வேறொருவர் கையில் இருக்கிறது.

புதிதாகக் கேட்கிறோமா, இருப்பதைக் கேட்கிறோமா?

ஆளைத் தேடும் முன் இன்னொரு கேள்வி. நாம் கேட்பது ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறதா? 2003ஆம் ஆண்டின் மதுபானச் சில்லறை விற்பனை விதிகளின்படி, மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் வழிபாட்டுத் தலத்திலிருந்தும் கல்வி நிலையத்திலிருந்தும் 50 மீட்டருக்குள்ளும், மற்ற இடங்களில் 100 மீட்டருக்குள்ளும் புதிதாக மதுக்கடை திறக்கக் கூடாது. அந்தத் தூரத்துக்குள் கடை வருகிறது என்றால், யாரையும் மனம் மாற்றத் தேவையில்லை. அளந்து, வரைபடத்துடன், விதியை அமல்படுத்த வேண்டிய ஆட்சியரிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். கடை 120 மீட்டரில் வருகிறது என்றால் விதி நமக்குத் துணை நிற்காது. அப்போது மக்கள் கருத்தைத் திரட்ட வேண்டும், ஆட்சியர் யார் பேச்சைக் கேட்பார் என்று பார்க்க வேண்டும். இரண்டும் வேறு வேறு வேலைகள்.

தெரியாவிட்டால் எப்படித் தெரிந்துகொள்வது?

முதல் வழி, அந்தத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவரைக் கேட்பது. ஒவ்வொரு ஜமாஅத்திலும் ஒரு முன்னாள் எழுத்தர், ஆசிரியர், மின்வாரிய ஊழியர் இருப்பார். கோப்பு எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போகும் என்பது அவருக்கு மனப்பாடம். கண்டக்டர் மாமா வீடு பள்ளிவாசலுக்கு எதிரில்தான். நாங்கள் ஓராண்டு அவரைக் கேட்கவில்லை.

இரண்டாவது வழி, தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய் கட்டணத்துடன், "இந்த வழித்தடத்தின் நேர அட்டவணையை மாற்ற ஒப்புதல் தரும் அலுவலர் யார்? அதற்கான நடைமுறை என்ன? எங்கள் மனு இப்போது எந்த அலுவலரிடம் உள்ளது?" என்று கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும், உரிய அலுவலகத்துக்கு 5 நாட்களுக்குள் மாற்றி அனுப்ப வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. வாசல் எது என்று தெரியாதவர்களுக்கு இது பெரிய உதவி.

கையெழுத்திடுபவரைச் சுற்றி இருப்பவர்கள்

முடிவெடுப்பவரைக் கண்டுபிடித்ததோடு வேலை முடியவில்லை. அவர் தனியாக முடிவெடுப்பதில்லை. அவருக்குக் குறிப்பு எழுதுபவர் ஒருவர், அவர் மதிக்கும் ஒருவர், அந்த முடிவால் சிரமப்படப்போகும் ஒருவர், அதை நடைமுறையில் செய்யப்போகும் ஒருவர் என்று பலர் சுற்றி நிற்பார்கள்.

ஹபஷா நாட்டு வரலாறு நமக்குத் தெரியும். மக்காவின் கொடுமை தாங்காமல் அங்கே சென்ற முஸ்லிம்களைத் திருப்பி அழைத்துவர, குறைஷிகள் அம்ர் இப்னுல் ஆஸ் அவர்களையும் இன்னொருவரையும் தூது அனுப்பினார்கள். அப்போது அம்ர் இஸ்லாத்தை ஏற்றிருக்கவில்லை. தூதர்கள் நேராக மன்னர் நஜ்ஜாஷியிடம் போகவில்லை. அவரைச் சுற்றியிருந்த மதகுருமார் ஒவ்வொருவரையும் முதலில் சந்தித்து, அன்பளிப்புக் கொடுத்து, அவர்களைக் கேட்காமலே ஒப்படைத்துவிடுமாறு மன்னரிடம் சொல்லச் சொன்னார்கள். முடிவு மன்னர் கையில், ஆனால் காது அவையோரிடம் என்பதை அவர்கள் கணித்திருந்தார்கள். முஸ்லிம்களோ, யாரிடம் சென்றால் நியாயம் கிடைக்கும் என்று பார்த்து அந்த நாட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள். இரு தரப்பையும் கேட்காமல் முடிவெடுக்க மாட்டேன் என்று நஜ்ஜாஷி மறுத்தார். ஜஅஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) எழுந்து பேசினார்கள். அன்பளிப்புகள் திருப்பிக் கொடுக்கப்பட்டன. சுற்றியிருப்பவர்கள் யார் என்று நாம் அறிய வேண்டும். அவர்களிடம் நாம் கொண்டுபோக வேண்டியது உண்மையை மட்டுமே. கைநீட்டிக் கொடுத்து வாங்கும் வழி நமக்கு ஆகுமானதல்ல, சட்டப்படி குற்றமும்கூட.

ஒரு தாளில் நான்கு வரிசை

நாங்கள் ஒரு தாளை எடுத்து நான்கு வரிசை போட்டோம்.

முதல் வரிசையில், முடிவெடுப்பவர். கிளை மேலாளரும் மண்டல அலுவலகமும்.

இரண்டாவதில், அவர் பேச்சைக் கேட்கக்கூடியவர்கள். மகளிர் பள்ளியின் தலைமையாசிரியை, பள்ளி மேலாண்மைக் குழு, பஸ் நிலையத்தின் நேரக் காப்பாளர், தொழிற்சங்கத்தினர். இவர்களில் பள்ளி மேலாண்மைக் குழுவை நாங்கள் அதுவரை நினைத்தே பார்க்கவில்லை. அதில் பெற்றோரே பெரும்பான்மை, பெண்களுக்குப் பாதி இடம். நம் முஹல்லாத் தாய்மார் இருவர் அதில் உறுப்பினர்களாகவே இருந்தார்கள்.

மூன்றாவதில், நடைமுறையில் செய்யப்போகிறவர்கள். அந்த பஸ்ஸின் ஓட்டுநரும் நடத்துநரும். நேரம் தள்ளிப்போனால் அவர்கள் பணி முடிந்து வீடு போவதும் தள்ளிப்போகும்.

நான்காவதில், இதனால் பாதிக்கப்படுபவர்கள். இந்த வரிசையை எழுதும்போதுதான் எங்களுக்கு உறைத்தது. 3.50 பஸ் காலியாகப் போவதில்லை. பக்கத்துக் கிராமத்திலிருந்து சந்தைக்கு வந்து காய்கறி விற்கும் பெண்கள் அதில்தான் திரும்புகிறார்கள். அவர்களைக் கேட்காமல் நாம் நேரத்தை மாற்றியிருந்தால், மறுவாரமே அவர்கள் மனுவோடு நின்றிருப்பார்கள். அதில் நியாயமும் இருந்திருக்கும்.

வரிசைகளை எழுதியபின், ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் ஆதரவு, எதிர்ப்பு, தெரியாது என்று குறித்தோம். பொதுவாக நாம் ஏற்கெனவே ஆதரவாக இருப்பவர்களிடமே திரும்பத் திரும்பப் பேசுகிறோம், ஏனென்றால் அது சுலபம். எந்த நிலையிலும் மாறாத எதிர்ப்பாளரோடு வாதிட்டு நேரத்தைக் கழிப்பதும் உண்டு. பலன் தருவது நடுவில் நிற்பவர்களோடு பேசுவது. எங்கள் தாளில் "தெரியாது" என்று இருந்தவர்கள் மூவர்: நேரக் காப்பாளர், ஓட்டுநர், அந்தக் காய்கறிக்காரப் பெண்கள்.

யார் போய்ப் பேசுவது?

பள்ளி மேலாண்மைக் குழுவிலிருந்த தாய்மார் காய்கறிக்காரப் பெண்களைப் பஸ் நிலையத்திலேயே சந்தித்தார்கள். பெண் பிள்ளைகள் இருட்டில் நிற்கும் கதையைச் சொன்னதும், "எங்க பிள்ளைகளும்தானே அங்க படிக்குது" என்றார் அவர்களில் ஒருவர். சனிக்கிழமை சந்தை நாள், அன்று மட்டும் பழைய நேரமே இருக்கட்டும் என்பது அவர்கள் நிபந்தனை. சனிக்கிழமை பெரும்பாலும் பள்ளி விடுமுறை. யாருக்கும் நஷ்டமில்லை. அன்றுவரை இது ஒரு முஹல்லாவின் கோரிக்கை. அதற்குப் பிறகு இரண்டு ஊர்களின் கோரிக்கை.

கண்டக்டர் மாமா ஓட்டுநரிடமும் நேரக் காப்பாளரிடமும் பேசினார். கிளை மேலாளருக்கு எது வேண்டும் என்பதையும் அவரே சொன்னார்: "அவர் மேலே எழுதணும்னா கணக்கு வேணும். எத்தனை பேர் ஏறுவாங்க, எந்த நிறுத்தத்துல ஏறுவாங்க." இரண்டு வாரம் பிள்ளைகளே எண்ணி எழுதினார்கள். மாணவிகளுக்கு இலவச பஸ் பாஸ், சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் வருமானம் வராது என்று சொல்வார்களோ என்று பயந்தோம். அந்தப் பயணங்களுக்கு அரசு கழகத்துக்கு ஈடு கொடுக்கிறது என்பதால் அந்தக் கணக்கும் உதவியது. தலைமையாசிரியையின் கடிதம், இரண்டு ஊர்களின் ஒரு பக்கக் கோரிக்கை, எண்ணிக்கைப் பட்டியல் மூன்றையும் எடுத்துக்கொண்டு ஆறு பேர் போனோம். அதில் நான்கு பேர் தாய்மார். கட்சிக்காரர் யாரையும் அழைத்துச் செல்லவில்லை. பத்திரிகைக்கும் சொல்லவில்லை. சம்மதிக்கக்கூடிய ஒருவரை முதல் நாளே ஊர் முன் குற்றவாளியாக நிறுத்தினால், சம்மதிக்க நினைத்தவரும் பின்வாங்குவார். கதவு அடைக்கப்பட்ட பிறகு மேலே போகலாம், பத்திரிகைக்கும் போகலாம்.

பஸ் இப்போது 4.20க்குக் கிளம்புகிறது. மண்டல அலுவலகத்தின் ஒப்புதலுக்கு மூன்று மாதம் ஆனது. முதலில் சோதனை முறையில் என்றார்கள். பிறகு அதுவே நிலைத்தது, அல்ஹம்துலில்லாஹ். படிப்பை நிறுத்திய ஐந்து பேரில் இருவர் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தார்கள். ஒரு பிள்ளைக்கு அதற்குள் நிக்காஹ் முடிந்துவிட்டது. மற்ற இருவர் திரும்பவில்லை. தவறான வாசல்களில் நாங்கள் நின்ற அந்த ஓராண்டு, எங்களுக்கு அலைச்சல். அந்த மூன்று பிள்ளைகளுக்கு அது படிப்பு.

ஆகவே உங்கள் ஜமாஅத்திலோ தெருவிலோ அடுத்த மனுவுக்குக் கையெழுத்து வாங்கத் தொடங்கும் முன், ஒரு மாலை உட்கார்ந்து இந்தக் கேள்விகளுக்குத் தாளில் பதில் எழுதிப் பாருங்கள்:

நமக்கு வேண்டியதை ஒரே வரியில் சொல்ல முடிகிறதா?
அது ஏற்கெனவே விதியில் இருக்கிறதா, புதிதாகக் கேட்கிறோமா?
அதற்குக் கையெழுத்திடும் அதிகாரி யார்? அவருக்குக் கோப்பு எழுதி அனுப்புபவர் யார்?
அவர் யார் சொன்னால் கேட்பார்? அவர்களில் நமக்குத் தெரிந்தவர் உண்டா?
அதைச் செய்யப்போகும் ஊழியருக்கு என்ன சிரமம்?
இதனால் யாருக்கு நஷ்டம்? அவர்களிடம் பேசினோமா?
நம்மில் யார் போனால் காது கொடுப்பார்கள்?
எத்தனை நாள் காத்திருப்பது? பதில் வராவிட்டால் அடுத்த படி யார்?

பதில் தெரியாத கேள்வி இருந்தால் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். தகவல் அறியும் உரிமை விண்ணப்பம் எழுதித் தர நம் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். இன்ஷா அல்லாஹ், சேர்ந்து விசாரிப்போம்.